முதலில் சில கணினிகள், பிறகு அனைத்தும்: மென்பொருள் புதுப்பிப்பைச் சோதித்து நிறுவுவது ஏன் அவசியம்?

பொம்மனஹள்ளி (பெங்களூரு): அலுவலகக் கணினிகளுக்கு வரும் மென்பொருள் புதுப்பிப்பை எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் நிறுவலாமா, அல்லது தேர்ந்தெடுத்த சிலவற்றில் மட்டும் முதலில் நிறுவிச் சோதித்த பின்னர் மற்றவற்றுக்கு விரிவுபடுத்த வேண்டுமா? தகவல் தொழில்நுட்பத் துறையினர் மட்டுமே விவாதித்து வந்த இக்கேள்வி, 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதிக்குப் பிறகு விமானப் பயணிகளும் வங்கி வாடிக்கையாளர்களும் அறிந்த ஒன்றாக மாறியது. அன்று குறையுள்ள ஒரே ஒரு கோப்பு, உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்புக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே அமைந்துள்ள பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பெரிய நிறுவனங்களில் புதுப்பிப்புகளைக் கவனிக்கத் தனிப் பிரிவே இயங்குகிறது. ஆனால் இப்பகுதியில் நிறைந்துள்ள ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள், கணக்காளர் அலுவலகங்கள், சிறிய மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றின் நிலை வேறு. பத்து முதல் ஐம்பது கணினிகள் மட்டுமே உள்ள இத்தகைய இடங்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரிடமோ, அழைத்தால் வரும் பழுதுநீக்குநரிடமோதான் இருக்கும். ஒரே காலையில் எல்லாக் கணினிகளும் நின்றுபோனால் அதைத் தாங்கும் வலிமை இவற்றுக்கே மிகக் குறைவு.

78 நிமிடங்களில் நடந்தது என்ன?

அமெரிக்காவைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக், தனது 'ஃபால்கன்' பாதுகாப்பு மென்பொருளுக்கான உள்ளடக்கப் புதுப்பிப்பு ஒன்றை 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியிட்டது. தவறு தெரியவந்ததும் 10.57 மணிக்கு அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நேரம் 78 நிமிடங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் இணையத்தில் இணைந்திருந்து அக்கோப்பைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றன. மீண்டும் இயக்கினாலும் அதே இடத்தில் மறுபடியும் முடங்கின. மேக், லினக்ஸ் கணினிகள் பாதிக்கப்படவில்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு. இந்தியாவிலோ அது வெள்ளிக்கிழமை காலை. ஊழியர்கள் அலுவலகம் வந்து கணினியை இயக்கும் நேரம். எனவே பாதிப்பை முதலில் உணர்ந்தவர்களில் இந்திய அலுவலகங்களும் அடங்கும்.

பெங்களூரு கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தில் அன்று காலை சுமார் 10.40 மணி முதல் விமான நிறுவனங்களின் பயணிகள் பதிவு முறை தடைபட்டது. இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவற்றின் பயணிகள் நீண்ட வரிசைகளில் காத்திருந்தனர். ஹைதராபாத்தில் பயணி ஒருவருக்குக் கையால் எழுதி வழங்கப்பட்ட போர்டிங் பாஸின் படம் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. இண்டிகோ நிறுவனம் மட்டும் சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. மறுநாள் அதிகாலை 3 மணி முதல் விமான நிலையங்களில் விமான நிறுவனங்களின் கணினி அமைப்புகள் வழக்கம்போல் இயங்கத் தொடங்கியதாக மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் கே. ராம்மோகன் நாயுடு தெரிவித்தார்.

அதற்குச் சில மணி நேரம் முன்னதாக, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'அஸூர்' மேகக் கணினிச் சேவையும் அமெரிக்காவின் மத்திய மண்டலத்தில் உள்ளமைவு மாற்றம் ஒன்றினால் தனியாகத் தடைபட்டிருந்தது. ஆகவே அன்றைய நாளில் இரு கோளாறுகளும் ஒன்றோடொன்று கலந்தே பேசப்பட்டன.

இந்தியாவில் 10 வங்கிகள் மற்றும் வங்கிசாரா நிதி நிறுவனங்களில் சிறிய அளவிலான இடையூறுகள் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. தேசிய தகவல் மையத்தின் வலைப்பின்னல் பாதிக்கப்படவில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன்ஸ் நிறுவனம் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்ய நேரிட்டது. தனக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 50 கோடி டாலர் என அந்நிறுவனம் கூறியது.

கோப்பு திரும்பப் பெறப்பட்ட பின்னும் பாதிப்பு நாட்கணக்கில் நீடித்ததற்குக் காரணம் உண்டு. முடங்கிய கணினியால் இணையத்தை அடைய முடியாது. திருத்திய கோப்பைத் தானாகப் பெறவும் முடியாது. எனவே பல இடங்களில் பழுதுநீக்குநர் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்பு நிலையில் அதை இயக்கி, குறிப்பிட்ட கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வன்தட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதற்கு முன்னர் 48 இலக்க மீட்புச் சாவியையும் உள்ளிட வேண்டியிருந்தது. ஜூலை 25-ஆம் தேதி நிலவரப்படி 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் தனது மென்பொருள் மீண்டும் செயல்படுவதாக கிரவுட்ஸ்ட்ரைக் தெரிவித்தது.

எச்சரிக்கையாக இருந்தவர்களும் தப்பவில்லை

இந்நிகழ்வில் பரவலாகக் கவனிக்கப்படாத அம்சம் ஒன்று உள்ளது. பாதிக்கப்பட்ட நிறுவனங்களில் பல, புதிய மென்பொருளை உடனே நிறுவாமல் ஒரு பதிப்பு அல்லது இரு பதிப்புகள் பின்தங்கி இருக்குமாறு தங்கள் கணினிகளை முன்கூட்டியே அமைத்திருந்தன. எனினும் அவையும் முடங்கின.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் இருவகைப் புதுப்பிப்புகளை அனுப்பிவந்தது. முதலாவது, மென்பொருளின் புதிய பதிப்பு. அதை எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம். இரண்டாவது, புதிய தாக்குதல் முறைகளை அடையாளம் காண உதவும் விரைவு உள்ளடக்கம். அது அனைத்துக் கணினிகளுக்கும் நேரடியாகச் சென்றுவிடும். வாடிக்கையாளருக்கு அதில் தேர்வு இல்லை. ஜூலை 19 அன்று வந்தது இரண்டாம் வகை. தலைவாசலைப் பூட்டி வைத்திருந்த வீட்டுக்குள் பக்கத்துக் கதவு வழியாக அது நுழைந்தது எனலாம்.

பிழையின் தன்மையும் எளிமையானதே. புதுப்பிப்பில் இருந்த ஒரு விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருளோ 20 உள்ளீடுகளை மட்டுமே வழங்கியது. இல்லாத 21-ஆவது உள்ளீட்டைப் படிக்க முயன்றபோது, அனுமதிக்கப்படாத நினைவகப் பகுதியை மென்பொருள் தொட்டது. இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள் இயங்கும் மென்பொருள் அத்தகைய தவறைச் செய்யும்போது விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீலத்திரை தோன்றியதன் பின்னணி இதுவே.

அந்த விதிவகை 2024 மார்ச் மாதத்தில் சோதிக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் அதே வகையைச் சேர்ந்த சில புதுப்பிப்புகள் சிக்கலின்றி வெளியாகியும் இருந்தன. ஆனால் அவற்றில் 21-ஆவது இடம் 'எதுவாக இருந்தாலும் ஏற்கலாம்' என்ற நிலையில் விடப்பட்டிருந்ததால் குறை வெளிப்படவில்லை. ஜூலையில்தான் முதன்முறையாக அந்த இடத்தில் குறிப்பிட்ட மதிப்பு ஒன்று எதிர்பார்க்கப்பட்டது. கோப்பைச் சரிபார்க்கும் தானியங்கி நிரலிலும் குறை இருந்தது. முந்தைய வெற்றிகளின் மீது கொண்ட நம்பிக்கை, புதிய கோப்பை உண்மையான கணினிகளில் படிப்படியாகச் சோதிக்கும் கட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையில், இனி இத்தகைய உள்ளடக்கமும் கட்டம் கட்டமாகவே அனுப்பப்படும் என்றும், அதை எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு தரப்படும் என்றும் நிறுவனம் அறிவித்தது.

இது முதல் நிகழ்வும் அன்று. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட வைரஸ் தடுப்புப் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையாத கோப்பு ஒன்றைத் தீய நிரல் எனத் தவறாகக் கருதியது. அதனால் உலகின் பல பகுதிகளில் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து இயங்கின. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் குர்ட்ஸ்தான் 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி என்பது குறிப்பிடத்தக்கது.

வளையமுறை என்றால் என்ன?

புதுப்பிப்பைப் படிப்படியாக விரிவுபடுத்தும் முறையைத் தொழில்நுட்பத் துறையினர் 'வளையமுறை' என்கின்றனர். குளத்தில் கல் விழுந்தால் அலை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் பரவுவதுபோல, முதல் வளையத்தில் மிகச் சில கணினிகள், அடுத்ததில் சற்று அதிகமானவை, இறுதியில் எஞ்சிய அனைத்தும் என இது அமையும். ஒவ்வொரு வளையத்துக்கும் இடையே சில மணி நேரமோ சில நாட்களோ இடைவெளி விடப்படும். சிக்கல் தென்பட்டால் அடுத்த வளையத்துக்குச் செல்லாமல் நிறுத்திவிடலாம்.

முதல் வளையத்துக்குக் 'கேனரி' என்ற பெயரும் உண்டு. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை முன்கூட்டியே அறிய, 1986-ஆம் ஆண்டு வரை கேனரி என்னும் சிறு பறவைகளைத் தொழிலாளர்கள் உடன் எடுத்துச் சென்றனர். பறவை தளர்ந்தால் மனிதர்கள் வெளியேறிவிடுவார்கள். அப்பழக்கத்திலிருந்து வந்ததே இப்பெயர்.

மைக்ரோசாஃப்ட் 2022-இல் பெரிய நிறுவனங்களுக்காக அறிமுகப்படுத்திய 'ஆட்டோபேட்ச்' சேவையில், சிறிய சோதனைக் குழு ஒன்றுக்குப் பிறகு 1 சதவீதம், 9 சதவீதம், 90 சதவீதம் என்ற விகிதத்தில் கணினிகள் பிரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு இக்கணக்கு பொருந்தும். இருபது கணினிகள் உள்ள அலுவலகத்தில் 1 சதவீதம் என்பது ஒரு முழுக் கணினிகூட அல்ல. எனவே சிறிய அலுவலகங்கள் எண்ணிக்கையைப் பார்த்து அல்லாமல், வேலையின் வகையைப் பார்த்தே சோதனைக் கணினிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தக் கணினிகளைத் தேர்ந்தெடுப்பது?

பல அலுவலகங்களில் செய்யப்படும் பொதுவான தவறு, மூலையில் பயன்பாடின்றிக் கிடக்கும் கணினியைச் சோதனைக்கு ஒதுக்குவது. அதில் புதுப்பிப்பு நிறுவப்பட்டதும் திரை ஒளிர்கிறது. எல்லாம் சரி என முடிவு செய்யப்படுகிறது. ஆனால் அக்கணினியில் யாரும் பட்டியல் அச்சிடுவதில்லை, வரிக் கணக்கு தாக்கல் செய்வதில்லை, வீட்டிலிருந்து அலுவலக வலைப்பின்னலுக்குள் நுழைவதுமில்லை. பயன்படுத்தப்படாத கணினி எதையும் சோதிப்பதில்லை.

2022 ஜனவரி 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்தரப் புதுப்பிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை நிறுவிய விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளில் சிலவகை விபிஎன் இணைப்புகள் செயலிழந்தன. சில சர்வர்கள் தாமாகவே மீண்டும் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஒமைக்ரான் பரவல் காரணமாகப் பலர் வீட்டிலிருந்து பணியாற்றிய காலம் அது. ஜனவரி 17 அன்று திருத்தம் வெளியாகும் வரை ஆறு நாட்கள் இச்சிக்கல் நீடித்தது. அலுவலகத்துக்குள் இருக்கும் மேசைக் கணினியில் மட்டும் சோதித்திருந்தால் விபிஎன் கோளாறு கண்ணில் பட்டிருக்காது. வீட்டிலிருந்து இணையும் ஒரு மடிக்கணினியேனும் சோதனைக் குழுவில் இருந்தால்தான் அது தெரியவரும்.

இதன் அடிப்படையில், இருபது கணினிகள் உள்ள ஓர் அலுவலகம் மூன்று அல்லது நான்கு கணினிகளைக் கொண்ட குழுவை அமைக்கலாம். கணக்குப் பிரிவில் டேலி போன்ற கணக்கு மென்பொருளும், டிஜிட்டல் கையொப்ப யூஎஸ்பி டோக்கனும், பொது அச்சுப்பொறியும் பயன்படுத்தும் ஒரு கணினி. நுடி போன்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளோ தமிழ் விசைப்பலகையோ உள்ள ஒரு கணினி. விபிஎன் வழியாக இணையும் ஒரு மடிக்கணினி. அலுவலகத்திலேயே மிகப் பழைய கணினி ஒன்று ஆகியவை அதில் இடம்பெறுவது நல்லது. ஆடைத் தொழிற்கூடமாக இருந்தால் பார்கோடு அச்சிடும் கணினியையும், வருகைப் பதிவுக் கருவியுடன் இணைந்த கணினியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒரே கணினி, தகவல்கள் சேமிக்கப்பட்டுள்ள சர்வர், வாடிக்கையாளர் முன் நிற்கும் ஒரே பில் கவுண்டர் ஆகியவை முதல் வளையத்தில் இருக்கக் கூடாது. ஒரே பிரிவின் கணினிகள் அனைத்தையும் சோதனைக்கு எடுப்பதும் ஆபத்தானது. சோதனை தோல்வியுற்றால் அப்பிரிவின் வேலை முழுவதும் நின்றுவிடும்.

சோதனைக் கணினியைப் பயன்படுத்தும் ஊழியரிடம் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட வேண்டும். எந்த நாளில் புதுப்பிப்பு நிறுவப்படும், வழக்கத்துக்கு மாறாக எதையேனும் கண்டால் யாரிடம் கூற வேண்டும் என்பவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினியை இருமுறை அணைத்து இயக்குதல், அச்சிடுதல், கையொப்பம் இடுதல், பகிர்வுக் கோப்புறையைத் திறத்தல், கடந்த மாத அறிக்கை ஒன்றை எடுத்துப் பார்த்தல் என ஒரு சிறு பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அரை மணி நேரத்தில் பெரும்பாலான கோளாறுகள் வெளிப்பட்டுவிடும்.

நாட்காட்டியும் பார்க்க வேண்டும்

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி என்பது இந்தியாவில், பருவத்தைப் பொறுத்து, இரவு 10.30 அல்லது 11.30 மணி. எனவே இந்திய அலுவலகங்களை அப்புதுப்பிப்பு சென்றடைவது புதன்கிழமை காலையில்.

இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8 முதல் 14 வரையிலான தேதிகளில்தான் வரும். அதற்கு அடுத்த புதன்கிழமை 9 முதல் 15 வரை அமையும். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் வழக்கமான கடைசி நாள் 11. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்களிப்பைச் செலுத்தும் கடைசி நாள் 15. ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. அதாவது, கணக்குப் பிரிவுக்கு மிக நெருக்கடியான வாரத்திலேயே புதுப்பிப்பும் வந்து சேர்கிறது. எல்லாக் கணினிகளும் தாமாகவே உடனே ஏற்கும்படி விடப்பட்டிருந்தால், கடைசி நாளன்று காலையில் டோக்கன் வேலை செய்யாமல் போவதற்கும் வாய்ப்பு உண்டு.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் மாதாந்தரப் புதுப்பிப்பை 30 நாட்கள் வரை தள்ளிவைக்குமாறு அமைக்கலாம். சோதனைக் கணினிகளுக்குப் பூஜ்ஜிய நாள், மற்றவற்றுக்கு ஐந்து அல்லது ஏழு நாள், கணக்குப் பிரிவின் முக்கியக் கணினிக்கு அதைவிடச் சற்று அதிகம் எனப் பிரித்தாலே வளையமுறை உருவாகிவிடும். ஹோம் பதிப்பில் இவ்வசதி இல்லை. அதில் அமைப்புகள் பக்கத்துக்குச் சென்று, புதுப்பிப்பை அதிகபட்சம் ஐந்து வாரங்களுக்கு நிறுத்திவைக்க மட்டுமே முடியும். நிறுத்திய பின் மறந்துவிடாமல் இருப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பு.

சோதித்தால் போதாது, கேட்கவும் வேண்டும்

முன்னோட்டச் சோதனை நடந்தும் தவறு வெளியே வந்த நிகழ்வு ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 1809 பதிப்பை 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதை நிறுவிய சிலரின் ஆவணங்களும் படங்களும் அழிந்தன. நான்கு நாட்களில் வெளியீடு நிறுத்தப்பட்டது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியானது.

பொது வெளியீட்டுக்கு முன்பே தன்னார்வச் சோதனையாளர்கள் சிலர் இதே சிக்கலைப் புகாராகப் பதிவு செய்திருந்தனர். ஆனால் அப்புகார்களுக்குப் போதிய ஆதரவு வாக்குகள் கிடைக்காததால் அவை மேலெழவில்லை. பாதிக்கப்பட்டதாகப் புகார் அளித்தோர், நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருந்தனர் என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. கோப்புகளை இழந்த அந்த ஒருவருக்கு விகிதத்தால் ஆறுதல் இல்லை. இதன் பின்னர், புகாரின் எண்ணிக்கையுடன் அதன் தீவிரத்தையும் பயனர் குறிப்பிடும் வசதி சேர்க்கப்பட்டது.

அலுவலகங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். சோதனைக் கணினியில் அமர்ந்திருப்பவர் இளநிலை ஊழியராக இருக்கலாம். 'நேற்றிலிருந்து என் பிரிண்டர் மெதுவாக வேலை செய்கிறது' என்று அவர் கூறுவதை அன்றே விசாரிக்கும் ஏற்பாடு இல்லையெனில், சோதனை வெறும் காத்திருப்பாகவே முடியும்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு

புதுப்பிப்பால் கோளாறு வரும் என அஞ்சி அதை நிரந்தரமாக நிறுத்திவைக்கும் அலுவலகங்களும் உள்ளன. அது அதைவிடப் பெரிய ஆபத்து என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. விண்டோஸில் இருந்த பலவீனம் ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, அப்பலவீனத்தைப் பயன்படுத்தும் தாக்குதல் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது.

திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையே 59 நாட்கள் இருந்தன. அந்த அவகாசத்தில் திருத்தத்தை நிறுவியிருந்தவர்கள் தப்பினர். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மூன்றில் ஒரு பங்கு அறக்கட்டளை மருத்துவ அமைப்புகள் பாதிக்கப்பட்டன. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கணினிகளும், மேற்கு வங்க மின் விநியோக அலுவலகங்களின் சில கணினிகளும் பாதிப்புக்கு உள்ளாயின.

ஆகவே சோதனைக்கான இடைவெளி நாட்களில் கணக்கிடப்பட வேண்டும், மாதங்களில் அல்ல. சாதாரண மாதாந்தரப் புதுப்பிப்புக்கு ஒரு வாரம் பொருத்தமானது. ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் பலவீனத்துக்கான அவசரத் திருத்தமாக இருந்தால், அந்த ஒரு வாரத்தை ஒரு நாளாகச் சுருக்க வேண்டியிருக்கும். அப்போதும் ஓரிரு கணினிகளில் சில மணி நேரம் பார்த்த பின்னர் மற்றவற்றுக்குச் செல்வது சாத்தியமே. எத்திருத்தம் அவசரமானது என்பதை அறிய, இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் வெளியிடும் அறிவிப்புகளும், அவற்றில் குறிப்பிடப்படும் தீவிர நிலையும் உதவும்.

பத்து மணி நேரமா, ஒரு மணி நேரமா?

முடங்கிய கணினி ஒன்றைச் சீரமைக்க அரை மணி நேரம் ஆகும் என்றும், அலுவலகத்துக்கு ஒரே பழுதுநீக்குநர் உள்ளார் என்றும் வைத்துக்கொள்வோம். இருபது கணினிகளும் முடங்கினால் கடைசிக் கணினி இயங்கப் பத்து மணி நேரம் ஆகும்; ஒரு முழு வேலைநாள் போய்விடும். அதே கோளாறு இரண்டு சோதனைக் கணினிகளில் மட்டும் வெளிப்பட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் சீராகிவிடும். மற்ற 18 கணினிகளில் வேலை தடையின்றி நடக்கும். பிழை என்னவோ ஒன்றுதான். அது எட்டிய கணினிகளின் எண்ணிக்கையே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

எனினும், மீள்வதற்கான வழியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். முக்கியக் கோப்புகளின் காப்புப் பிரதி அலுவலகக் கணினிகளுக்கு வெளியே இருக்க வேண்டும். பிட்லாக்கர் மீட்புச் சாவிகள் சர்வரில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தச் சர்வரே முடங்கும் நாளில் அவை கைக்கு எட்டாது. அச்சிட்ட பிரதி ஒன்றைப் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பது பழைய முறையாகத் தோன்றினாலும், அத்தகைய நாளில் அதுவே கைகொடுக்கும்.

விதிகள் கூறுவது என்ன?

வங்கிகளுக்கும் குறிப்பிட்ட நிதி நிறுவனங்களுக்கும் இது வெறும் நல்ல பழக்கமாக மட்டும் விடப்படவில்லை. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை குறித்த வழிகாட்டுதல்கள், மாற்றங்களையும் திருத்தங்களையும் கையாள எழுத்துப்பூர்வமான நடைமுறை இருக்க வேண்டும் என்கின்றன. திருத்தத்தால் பணியில் ஏற்படக்கூடிய விளைவை மதிப்பிடுதல், உரிய ஒப்புதலுடன் காலத்தே நிறுவுதல், தோல்வியுற்ற திருத்தத்திலிருந்து மீளும் வழியை வைத்திருத்தல் ஆகியவை அதில் அடங்கும். சிறிய தனியார் அலுவலகங்களை இவ்விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் அம்மூன்று அம்சங்களையும் ஒரே தாளில் எழுதி எந்த அலுவலகமும் பின்பற்ற முடியும்.

மென்பொருள் வழங்குநர்களின் தரப்பிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் புதுப்பிப்புகளைப் படிப்படியாக மட்டுமே வெளியிட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையை மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்த திட்டம் உள்ளடக்கியது. இயங்க மறுக்கும் கணினியைத் தொலைவிலிருந்தே சீரமைக்கும் வசதியும் அத்திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, பின்னர் விண்டோஸ் 11-இல் சேர்க்கப்பட்டது.

ஆனால் வழங்குநரின் சோதனைக்கூடத்தில் பொம்மனஹள்ளி அலுவலகத்தின் பழைய அச்சுப்பொறியோ, கன்னடத் தட்டச்சு மென்பொருளோ, கையொப்ப டோக்கனோ இருக்கப்போவதில்லை. அவை அனைத்தும் ஒன்றாக இயங்குகின்றனவா என்பதை அந்த அலுவலகத்தின் கணினியில்தான் அறிய முடியும். அலுவலகத்தின் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் இன்றே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் மூன்று: அடுத்த புதுப்பிப்பு முதலில் எந்தக் கணினிக்குச் செல்லும்? அதில் அமர்ந்திருப்பவர் குறையைக் கண்டால் யாரிடம் சொல்வார்? தங்களைக் கேட்காமலே தானாக வந்து சேரும் புதுப்பிப்புகள் எவை? கிரவுட்ஸ்ட்ரைக் நிகழ்வில் முன்னெச்சரிக்கையாக இருந்த நிறுவனங்களையும் முடக்கியது, விடை தெரியாமல் விடப்பட்ட அந்த மூன்றாவது கேள்விதான்.